ஒகாதாவின் கடைசி ஆட்டமும் சாலமனின் ஜெர்சியும்

ஜப்பானுக்குப் போய் வந்தவனை எங்கள் பக்கத்தில் மூன்று கேள்வி கேட்பார்கள். புல்லட் ரயிலில் போனாயா, பாம்புக்கறி தின்றாயா, எனக்கு என்ன வாங்கி வந்தாய். மூன்றுக்கும் பதில் தயாராக வைத்திருக்கிறேன். போகவில்லை, தின்னவில்லை, சாக்லேட். அங்கே ஒரு விளையாட்டு மைதானத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதாயே, அது எதற்கு என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய ஒருத்தன் என்னோடு பேசி அப்போது பத்து மாதம் ஆகியிருந்தது.

நான் ஆரம்பாக்கத்துக்காரன். பெயர் குணசேகர். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கார் பாகங்கள் அடிக்கும் கம்பெனி ஒன்றில் பிரஸ் மிஷின் ஓட்டுகிறேன். புதிதாக ஒரு மிஷின் வரப்போகிறது, அதைக் கற்றுக்கொண்டு வா என்று மூன்று வாரத்துக்கு என்னை அனுப்பினார்கள். வீட்டில் கொடுத்த ஆவக்காய் பாட்டிலை மூன்று கவர் போட்டுச் சுற்றி, அதன்மேல் என் சட்டை இரண்டைச் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். ஊறுகாய் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. சட்டை இரண்டும்தான் எண்ணெய் கசிந்து ஒழிந்தன.

முதல் நாள் காலை, கம்பெனி விடுதியில் சுடச்சுடச் சோறு வைத்தார்கள். பக்கத்தில் ஒரு முட்டை. அவித்த முட்டைதானே என்று மேஜை விளிம்பில் ஓங்கித் தட்டினேன். பச்சை முட்டை. மேஜை, என் பேண்ட், எதிரில் உட்கார்ந்திருந்தவரின் செய்தித்தாள் எல்லாம் மஞ்சள். அவர் கோபிக்கவில்லை. எழுந்து நின்று என்னிடம் மன்னிப்பு கேட்டார். முட்டையை உடைத்தவன் நான், மன்னிப்பு கேட்டது அவர். அந்த ஊரில் மூன்று வாரம் எப்படித் தள்ளப்போகிறோம் என்று அப்போதே பயமாகிவிட்டது.

என்னைக் காப்பாற்றியது லாவண்யா. கம்பெனியில் மொழிபெயர்ப்பு பார்க்கும் பெண். அவளுக்குச் சொந்த ஊர் தடா. ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறினால் ஆந்திரா பக்கம் அடுத்த ஸ்டேஷன். கடல் கடந்து போய் அடுத்த ஸ்டேஷன்காரியைப் பார்ப்பேன் என்று நினைத்தேனா? தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவாள். ஆவக்காய் பாட்டிலை நீட்டியதும் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, விரலில் தொட்டு நக்கினாள். அன்றிலிருந்து அண்ணா என்றுதான் கூப்பிட்டாள்.

எனக்கு மிஷின் சொல்லிக் கொடுத்தவர் ஒகாதா. தடித்த கழுத்து, என் வயது இருக்கும். மிஷினுக்கு அடியில் பார்க்கக் குந்தும்போது முட்டி இரண்டும் சத்தம் போடும். எழுந்திருக்கும்போது ஒரு கையை மிஷின் மேல் ஊன்றித்தான் எழுந்திருப்பார். வலது கையில் சுண்டு விரல் வெளிப்பக்கம் மடங்கியிருந்தது. அதே மாதிரி விரல் ஒன்றை நான் இருபது வருஷமாகப் பார்த்திருக்கிறேன்.

லாவண்யாவிடம் கேட்டேன். அவர் கம்பெனி பேஸ்பால் டீமில் கேட்சர் என்றாள். கேட்சர் என்றால் நம்முடைய விக்கெட் கீப்பர். அடிக்கிறவனுக்குப் பின்னால் குந்திக்கொண்டு பந்தைப் பிடிப்பவர். அந்த ஊரில் பெரிய பெரிய தொழிற்சாலைகள் சொந்தமாக டீம் வைத்திருக்கின்றன. ஆட்டக்காரர்கள் பாதி நாள் மிஷினில், பாதி நாள் மைதானத்தில். ஆட்டம் முடிந்துபோனால் முழு நாளும் மிஷின்.

அந்த டீமை ஆட வைக்கக் கோச் உண்டு. ஆனால் டீமில் யார் இருக்கலாம், யாரைக் கொண்டுவருவது, யாரை அனுப்புவது என்று முடிவு செய்கிறவர் வேறு. அவரை ஜெனரல் மேனேஜர் என்கிறார்கள். எங்கள் பகுதித் தலைவர் நகானோதான் அவர். அவர் அறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. ஒவ்வொரு ஆட்டக்காரன் பெயருக்கும் ஒரு காந்தத் துண்டு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் சோற்று உருண்டையைக் கடித்துக்கொண்டே அந்தக் காந்தங்களை நகர்த்திக்கொண்டிருப்பார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? நானும் ஜெனரல் மேனேஜர்தான் என்று சொல்லிவிட்டேன். பொய் இல்லை. எங்கள் கம்பெனிப் பையன்கள் டென்னிஸ் பந்து கிரிக்கெட் டீமுக்கு நான்தான் மேனேஜர். எனக்கு மட்டை பிடிக்கவும் வராது, பந்து போடவும் வராது. ஆள் பொறுக்குவேன். தொழிற்பேட்டைக்குப் பின்னால் காய்ந்த ஏரியில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். லாவண்யா இதைச் சிரிக்காமல் மொழிபெயர்த்தாள். நகானோ எழுந்து வந்து கை கொடுத்தார். சம்பந்தி வீட்டுக்காரரை வரவேற்பது போல நாற்காலியை இழுத்துப் போட்டார்.

எப்படி ஆள் எடுக்கிறீர்கள் என்று கேட்டார். செல்போனில் என் எக்செல்லைத் திறந்து காட்டினேன். இரண்டு வருஷக் கணக்கு. யார் எத்தனை ரன், எத்தனை விக்கெட், எத்தனை கேட்ச், எத்தனை நழுவல். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். பிறகு அவர் சொன்னதை லாவண்யா சொன்னாள்.

“அண்ணா, நல்லா எழுதியிருக்கீங்கன்னு சொல்றாரு. ஆனா அவுட்டுதான்னு தெரிஞ்சப்புறமும் ஒருத்தன் முழுசா ஓடறானா, பாதியில நிக்கறானா, அது எங்க எழுதியிருக்கீங்கன்னு கேக்கறாரு. கூட ஆடறவன் கேட்ச் உட்டா, மொதல்ல அவன்கிட்ட போறது யாரு, அதுவும் எங்கன்னு கேக்கறாரு.”

இன்னொன்றும் கேட்டார். இந்தக் கீப்பர் நின்றபோது உங்கள் பந்துவீச்சாளர்கள் எத்தனை ரன் கொடுத்தார்கள், வேறு கீப்பர் நின்றபோது எத்தனை? அந்தக் கட்டம் என் எக்செல்லில் இல்லவே இல்லை. அவர் விரல் வைத்திருந்த வரியில் சாலமனின் பெயர் இருந்தது. செல்போனை வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

சாலமனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எளாவூர்க்காரன். அவன் அப்பாவும் என் அப்பாவும் ஒரே நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். நாங்கள் இருவரும் ஒரே நாளில் கம்பெனியில் சேர்ந்தோம். சூலூர்பேட்டையிலிருந்து வரும் காலை வண்டியில் நான் ஆரம்பாக்கத்தில் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் என் சாப்பாட்டுப் பையை வைப்பேன். அடுத்த ஸ்டேஷன் எளாவூர். சாலமன் ஏறி, பையை எடுத்து என் மடியில் போட்டுவிட்டு உட்காருவான். கும்மிடிப்பூண்டி வரும்வரை அவன் வாய் மூடாது. சில நிமிஷப் பயணம்தான். அதற்குள் ஊர்வம்பு முழுவதும் முடிந்துவிடும்.

டீமை ஆரம்பித்ததும் நாங்கள் இருவரும்தான். அவன் கீப்பர், பந்து பட்டுப் பட்டுச் சுண்டு விரல் வெளிப்பக்கம் மடங்கிப்போனவன். புதிதாகப் பந்து போட வந்தவன் நடுங்கினால் ஸ்டம்புக்குப் பின்னாலிருந்து கத்துவான். “தைரியமா போடு, பின்னாடி நான் கீறேன்.” அந்தக் குரலைக் கேட்டால் ஒன்றுக்கும் ஆகாதவன்கூட நேராகப் போடுவான். இது எந்தக் கட்டத்தில் எழுதுவது?

போன தை மாதப் போட்டிக்கு வேறு ஒரு பையனைக் கீப்பராக எடுத்தேன். நன்றாகப் பிடிப்பவன். சாலமனுக்கு முட்டி போய்விட்டது, பந்துகள் நழுவின. அவனை எடுக்காததில் தப்பில்லை, இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். அவனிடம் சொல்லவில்லை என்பதுதான் தப்பு. இன்று சொல்கிறேன், நாளை சொல்கிறேன் என்று ஒரு வாரம் ரயிலில் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தேன். வாய் வரவில்லை.

ஜெர்சியை மணவாள நகரில் ஒரு கடையில் பெயர் போட்டுத் தைத்து வாங்குவோம். வந்த கட்டை டீக்கடை முன்னால் வைத்துப் பிரிப்பது வழக்கம். பிரிப்பவன் சாலமன். முதுகில் இருக்கும் பெயரைச் சத்தமாகப் படித்து, கேலியாக இரண்டு வார்த்தை சொல்லி, ஒவ்வொருத்தனுக்கும் வீசுவான். அன்றைக்கும் அவன்தான் பிரித்தான். அவன்தான் படித்தான். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். கடைசி ஜெர்சி புதுக் கீப்பருடையது. அதையும் பெயர் படித்து அவன் கையிலேயே கொடுத்தான். பிறகு காலிக் கவருக்குள் ஒரு தடவை கையை விட்டுப் பார்த்தான். கவரை நாலாக மடித்து டீக்கடை பெஞ்சில் வைத்துவிட்டுப் போனான். நான் கொஞ்சம் தள்ளி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தேன். பேசுவது மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

அந்த வருஷம் அரை இறுதி வரைக்கும் போனோம். அதுவரை போனதே இல்லை. கை தட்டினேன், கூட நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன், வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். ஜெர்சி பிரித்த மறுநாளிலிருந்தே சாலமன் வேறு பெட்டியில்தான் ஏறினான். கம்பெனியில் எதிரே வந்தால் மிஷினைப் பார்ப்பான். நான் மட்டும் ஆரம்பாக்கத்தில் ஏறியதும் பழக்கதோஷத்தில் பக்கத்தில் பையை வைப்பேன். எளாவூர் தாண்டியதும் நானே எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன்.

சரி, ஜப்பானுக்கு வருவோம். இரண்டாவது வாரம் நகானோ அறைக்குப் போனபோது ஒகாதாவின் காந்தம் மட்டும் பலகையின் அடியில் தனியாக இருந்தது. விசாரித்தேன். சனிக்கிழமை அவருக்குக் கடைசி ஆட்டம் என்றார்கள். முட்டி முடியவில்லை, புதிய ஆள் வந்துவிட்டான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. பார், பெரிய மேனேஜரே இதைத்தான் செய்கிறார். அந்த நிம்மதியில்தான் அடுத்த கேள்வியைக் கேட்டேன். ஒகாதாவுக்கு எப்படித் தெரிந்தது?

லாவண்யா கேட்டுவிட்டுச் சொன்னாள். “மிஷின்கிட்ட போய் இவரே சொன்னாராம் அண்ணா. வேற ஒருத்தர்கிட்டயும் சொல்றதுக்கு முன்னாடி. சொல்லிட்டு, கடைசியா எந்த மேட்ச் ஆடணும்னு அவரையே கேட்டாராம். அதுக்கு முந்தின நாளு ரெண்டு வேளை சோறு எறங்கலையாம்.”

நகானோ என்னைப் பார்த்து, உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். நாங்களும் இப்படித்தான் என்றேன். லாவண்யா அதையும் மொழிபெயர்த்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை மைதானத்துக்குத் தனியாகக் கிளம்பினேன், ரயிலில். இரண்டே பெட்டி. இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்தது, கடைசிப் பெட்டிக் கதவருகே நின்றேன். கதவு திறக்கவில்லை. தட்டினேன், தள்ளினேன், வண்டி புறப்பட்டுவிட்டது. சின்ன ஸ்டேஷன்களில் முன் பெட்டியின் முன் கதவு மட்டும்தான் திறக்குமாம். பிறந்ததிலிருந்து கதவே சாத்தாத ரயிலில் தொங்கிப் பழகியவனுக்கு இது எப்படித் தெரியும்? அடுத்த ஸ்டேஷனில் இறங்கினேன். ஆள் இல்லை, டிக்கெட் கொடுக்கவும் ஆள் இல்லை. திரும்பும் வண்டிக்கு ஒரு மணி நேரம்.

சுற்றிலும் அறுப்புக்கு நின்ற நெல். அதே மஞ்சள், அதே வாசனை. ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் நிற்கிற மாதிரியே இருந்தது. ஆனால் வயலில் ஒரு மனுஷன் இல்லை, ஒரு கொக்கு மட்டும் நின்றது. பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்தேன். என்னை அறியாமல் பையைப் பக்கத்தில் வைத்திருந்தேன். சாலமன் இருந்திருந்தால் அந்தக் கதவு விஷயத்தை வைத்தே ஒரு வருஷம் ஓட்டியிருப்பான். அவன் கேலி செய்ய மாட்டானா என்று ஏங்கிக்கொண்டு அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பாதி ஆட்டம் முடிந்திருந்தது. லாவண்யா இடம் போட்டு வைத்திருந்தாள். பேஸ்பாலில் ஒரு விஷயம் கவனித்தேன். டீமில் எல்லோரும் ஒரு பக்கம் பார்த்து நிற்க, கேட்சர் ஒருவர்தான் எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அத்தனை பேர் முகமும் அவருக்குத் தெரியும். ஒகாதா ஒவ்வொரு தடவையும் தொடையில் கையை ஊன்றி எழுந்தார். மறுபடி குந்தினார். பந்து போடும் பையன் தடுமாற ஆரம்பித்தான், இரண்டு முறை வெளியே போட்டான். ஒகாதா கையுறையில் குத்திக்கொண்டு ஏதோ கத்தினார்.

என்ன சொல்கிறார் என்று கேட்டேன். லாவண்யா காதைக் கொடுத்துக் கேட்டாள். “எங்க வேணா போடு, நான் புடிச்சுக்கறேன்னு சொல்றாரு அண்ணா.”

அங்கேதான் அழுதேன். துடைத்தால் நிற்கும் அழுகை இல்லை. பக்கத்தில் இருந்த அம்மாள் ஒகாதாவின் சொந்தக்காரர் போலிருக்கிறது. என்னையும் அவர்கள் பக்கத்து ஆள் என்று நினைத்து, காகிதக் கைக்குட்டையும் ஒரு சோற்று உருண்டையும் கொடுத்தார். உள்ளே புளிப்பாக ஏதோ ஊறுகாய். அழுதுகொண்டே அதையும் தின்றேன்.

ஆட்டம் முடிந்ததும் எதிர் டீம் உட்பட எல்லோரும் வரிசையாக நின்று ஒகாதாவுக்குத் தலை குனிந்தார்கள். எல்லோருக்கும் கடைசியாக நகானோ. அவர் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவே இல்லை. ஒகாதாதான் போய்த் தோளைத் தொட்டு நிமிர்த்தினார். திங்கட்கிழமை காலை ஒகாதா எனக்கு முன்னால் மிஷினில் இருந்தார். எங்கள் ஊரிலும் ஒரு கேட்சர் உண்டு, அவன் சுண்டு விரலும் இப்படித்தான் என்று லாவண்யாவை வைத்துச் சொன்னேன். இன்னும் ஆடுகிறாரா என்று கேட்டார். ஆடுகிறான் என்றேன். ஊருக்குக் கிளம்பும் அன்று அந்தக் கடைசி ஆட்டத்துப் பந்து ஒன்றைக் கொடுத்து, அவருக்குக் கொடுங்கள் என்றார். நான் சொன்ன பொய்க்கு அந்தப் பந்து கையில் கனத்தது.

ஊர் வந்த முதல் ஞாயிறு, பந்தை எடுத்துக்கொண்டு எளாவூருக்குப் போனேன். செக்போஸ்டில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. எனக்கு முந்தின நாளிலிருந்து சோறு இறங்கவில்லை, நகானோ சொன்னது சரிதான். சாலமன் கோயிலுக்குப் போய் வந்த வெள்ளைச் சட்டையோடு வாசலில் பைக் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி ஸ்டெல்லா, வாங்கண்ணா என்று நாற்காலி போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். உன்னை எடுக்கக் கூடாது என்று முடிவு செய்தது நான். ஒரு வாரம் தெரிந்தும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து வந்ததும் நான். வரும் போட்டியில் ஒரு மேட்ச் நீ ஆடு, எந்த மேட்ச் என்று நீயே சொல். இவ்வளவும் ஒரே மூச்சில்.

அவன் பைக்கைத் துடைப்பதை நிறுத்தவில்லை. “எனக்கு மேட்ச்லாம் வாணாம். முட்டி போச்சுன்னு எனக்குத் தெரியாதா? நீ சொல்லியிருந்தா நானே அந்தப் பையனுக்குக் கிளவுஸ் மாட்டி உட்டிருப்பேன்.” துணியைப் பிழிந்தான். “அன்னிக்கு நான் கட்டு பிரிக்கும்போது யாராண்ட போன்ல பேசிகினு இருந்த?”

“யாராண்டயும் இல்ல.”

“தெரியும். போனைத் தலைகீழா புடிச்சுகினு இருந்த.”

ஸ்டெல்லா உள்ளே போய்விட்டாள். பந்தைக் கொடுத்தேன். ஒகாதா யார், எதற்குக் கொடுத்தார், நான் என்ன பொய் சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பந்தை அந்தச் சுண்டு விரல் கையில் உருட்டிப் பார்த்தான். கடைசி மேட்சில் அந்த ஆள் எத்தனை பந்து விட்டான் என்று கேட்டான். நான் பார்த்தவரை ஒன்றும் விடவில்லை என்றேன். சரி கிளம்பு, வெயில் ஏறுது என்றான். பந்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதைத் தவிர எனக்குக் கிடைத்தது எதுவும் இல்லை.

மறுநாள் காலை வண்டியில் வழக்கம்போல ஜன்னல் ஓரம். பக்கத்தில் பை. எளாவூர் வந்தது. கூட்டம் ஏறியது, சாலமன் கண்ணில் படவில்லை. காய்கறிக் கூடையோடு ஏறிய ஓர் அம்மாள், ஆள் வருதா நைனா என்று கேட்டார். ஒரு நிமிஷம் கதவுப் பக்கம் பார்த்தேன். இல்லம்மா, உட்காருங்க என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

கும்மிடிப்பூண்டியில் எப்போதும் இறங்குவது பெரிய பாடு. வேலைக்குப் போகிறவர்கள் அத்தனை பேரும் ஒரே கதவில் நெருக்குவார்கள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு படிக்கட்டு வரை போய்விட்டேன். பின்னாலிருந்து ஒரே தள்ளு. கால் வைக்க இடம் இல்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தயங்கினேன். அப்போது என் முதுகுக்கு நேராக யாரோ கையை விரித்துக் கூட்டத்தைத் தடுத்தார்கள். காதுக்குப் பக்கத்தில் குரல் கேட்டது.

“தைரியமா எறங்கு. பின்னாடி நான் கீறேன்.”